தவமலர் அக்கா ஏன் கட்சியை விட்டுப் போனார்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளிநாட்டில் நாங்கள் வாழும் நகரின் பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பகுதித் தமிழர் குழுவில் யாரோ ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்கள். அதன் கீழே, ரானுயியில் வசித்துவந்த திருமதி தவமலர் யோகராசா இன்று அதிகாலை காலமானார் என்று இருந்தது. அதற்கும் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று போட்டேன்.

என் மனதில் முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. இனி அந்த விஷயம் வெளியே வராது என்ற நிம்மதி. அடுத்த நொடியே என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அது அடுத்த நொடிதான். ரொட்டி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவள் அக்காவின் மகள் அபிநயா. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு இப்படி ஒரு மலர் அச்சிடுவது யாழ்ப்பாணத்தார் வழக்கம் என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கிரியைகள் முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, பேச்சு ஆங்கிலத்தில்தான். அம்மாவும் கட்சியும் பற்றி இரண்டு பக்கம் வேண்டும், அது உங்களுக்குத்தான் தெரியும் அங்கிள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள். பதினாறு வருடம் மழையிலும் காற்றிலும் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்ட அம்மா, திடீரென்று ஏன் எல்லாவற்றையும் விட்டார்? கேட்டபோதெல்லாம் அலுத்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னாராம்.

எழுதித் தருகிறேன் என்றேன். பதில் எனக்குத் தெரியும் என்று அப்போது சொல்லவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் அந்தப் பதிலில் பாதி தெரியும்.

அக்காவை நான் முதலில் பார்த்தது ரானுயியில் ஒரு வேலியோரம். தேர்தல் வந்தால் வேட்பாளர் படம் போட்ட பலகைகளை வேலிகளில் அறைவது கட்சிக்காரர்கள் வேலை. நான் கட்சியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஐ.டி. அலுவலகத்திலிருந்து நேராக, இஸ்திரி போட்ட சட்டையும் தோல் காலணியுமாகப் போய் நின்றேன். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்ட குள்ளமான பெண்மணி ஒருவர், வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு சுத்தியலோடு நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆணிகளைக் கையில் எடுத்தார்.

"தம்பி கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு வழிமாறி வந்திட்டீங்களோ?"

"ஆமா அக்கா" என்று நானும் சிரித்து வைத்தேன்.

"ஆமாவோ! அப்ப தமிழ்நாடு. சரி, உந்தப் பலகையின்ர மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. விரல் கவனம்."

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் நேராகக் கட்சி வேலைக்கு வந்துவிடுவார். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுக் கடிதப் பெட்டிக்கு மூடி இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் கட்சியில் சேர்ந்த காரணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக வேண்டும் என்பதுதான்.

மேயர் தேர்தலில் எங்கள் கட்சி வேலை செய்த விதம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வேட்பாளர் வாக்குச் சீட்டில் சுயேச்சை என்றுதான் போட்டுக்கொண்டார். ஆனால் தொலைபேசிப் பட்டியல் கட்சியுடையது. வேன் கட்சியுடையது. பலகை அறைகிறவர்கள், கதவு தட்டுகிறவர்கள் எல்லாம் நாங்கள். எங்களுக்கு வந்த முதல் உத்தரவே, கட்சியின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பது. அக்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தாலி கட்டியாச்சு, ஆனா ஊருக்குச் சொல்லக் கூடாது எண்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

இங்கே உள்ளூர்த் தேர்தலுக்கு வாக்குச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். கூடவே எல்லா வேட்பாளர்களைப் பற்றியும் ஒரு சிறு புத்தகம். மூன்று வாரத்துக்குள் குறியிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் வீடுகளில் அந்த உறை ஃபிரிட்ஜுக்கு மேலே பீட்சா கூப்பன்களோடு கிடக்கும். அதை இறக்கி அனுப்ப வைப்பதுதான் வேலை. எங்கள் கிளையின் அமைப்பாளர் கிரெக் என்ற வெள்ளைக்காரர், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரைப் போட்டார். தமிழர்களுக்கு என்னைப் போட்டார். அக்காவைப் போட்டிருக்க வேண்டும். எனக்குக் கூட்டத்தில் ஆங்கிலம் சரளமாக வரும், அவ்வளவுதான் காரணம். "நூறு வோட்டு என் பொறுப்பு" என்று எழுந்து நின்று சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா மெதுவாகத் தமிழில் கேட்டார்: "தம்பி, நூறு வோட்டும் உங்கட பொக்கெற்றிலயோ கிடக்கு?"

அவரோடு வீடு வீடாகப் போனது ஒரு தனி அனுபவம். உட்கார்ந்ததும் உறையைக் கொண்டுவரச் சொல்வார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்குவார். எங்கள் ஆளின் பக்கம் மட்டுமா? எதிராளியின் பக்கம், யாருக்குமே தெரியாத மூன்றாமவர், நான்காமவர் பக்கம், எல்லாம். ஒருநாள் ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காரில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம கட்சிக்கு வேலை பாக்குறோமா, அவனுக்கு வேலை பாக்குறோமா அக்கா?"

"வாசிக்கிறது நான், டிக் போடுறது அவை" என்றார். "ஒரு பக்கத்தை ஒளிச்சால் மற்றப் பக்கத்தையும் நம்பமாட்டினம் தம்பி."

இந்த வேகத்தில் போனால் நூறு எங்கே ஆகும் என்று எனக்குக் கவலை. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அரசாங்க முத்திரையோடு ஓர் உறை வந்தால் அதைப் பிரிக்காமல் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். விசா படிவம், பள்ளிக்கூடப் படிவம், கவுன்சில் கடிதம், எல்லாம் ஒன்றுதான். எங்கள் வட்டாரத்தில் அந்த விஷயம் தெரிந்தவன் நான். அதில் எனக்குப் பெருமை வேறு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், வாக்குச் சீட்டு வந்தவர்கள் அடுத்த வாரம் எடுத்து வாருங்கள், உதவி செய்கிறேன் என்று அறிவித்தேன். உதவிதான் செய்ய நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அடுத்த சனிக்கிழமை நீங்கள் உறைகளை என் கையில் திணித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டீர்கள். "நீங்களே பாத்துப் போட்டுடுங்க சார்" என்றார் ஒருவர். "ஓம், உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும்" என்றார் இன்னொருவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. பத்தொன்பது உறைகளையும் ஒரு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் பேனாவோடு உட்கார்ந்தேன். எட்டுச் சீட்டு முடித்திருந்தேன். துண்டறிக்கைக் கட்டு வாங்க அக்கா வந்தார். என் மனைவி கதவைத் திறந்தாள். அக்கா நேராக மேசைக்கு வந்து நின்றார்.

"உது ஆற்ற உறை?"

"நம்ம ஆளுங்களோடதுதான் அக்கா. அவங்களேதான் குடுத்தாங்க."

"அவை குடுத்தவை. நீங்கள் ஏன் வாங்கினனீங்கள்?"

"எல்லாரும் நம்ம பக்கம்தானே? அவங்க போட்டாலும் இதைத்தான் போடப்போறாங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஊரில நான் முதன்முதலா வோட்டுப் போடப் போன நாள், என்ர பேரில ஆரோ முந்தியே போட்டிட்டினம்" என்றார். "புதுச் சீலை கட்டிக்கொண்டு போனனான். ஒண்டும் செய்யேலாமல் திரும்பி நடந்து வந்தனான். அந்தப் போட்ட ஆளும் இப்பிடித்தான் நினைச்சிருப்பான், இவளும் இதைத்தான் போடப்போறாள் எண்டு."

பிறகு குறியிட்டது, இடாதது எல்லாவற்றையும் அதே பையில் எடுத்துப் போட்டார். நான் எழுந்து வழியை மறித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறித்தேன். அடுத்தவர் வாக்குச் சீட்டில் கை வைப்பது குற்றம் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. "அக்கா, வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். என் சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் உள்ள இருக்கு." சமையலறை வாசலில் என் மனைவி அழுதுகொண்டு நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கட பேர் என்ர வாயால வராது" என்றார் என்னிடம். "விடுங்கோ வழியை."

நான்கு நாட்கள், வேலை முடிந்த பிறகு, பத்தொன்பது உறைகளையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நகரின் மறுகோடியில், மனுரேவாவில் இருந்த இரண்டு வீடுகளுக்கு ரயிலில் போனார். நான் குறியிட்ட எட்டுப் பேருக்கும், இது பழுதாகிவிட்டது, கவுன்சிலில் கேட்டால் மாற்றுச் சீட்டுத் தருவார்கள் என்று விளக்கினார். சிலரைத் தானே அங்கே கூட்டிப்போனார். எல்லா வாசலிலும் ஒரே பேச்சுத்தான்: "கட்சியில ஒரு பிழை நடந்திட்டுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." யாருடைய பிழை என்று கேட்டவர்களுக்கு "எங்கட பிழை" என்றார்.

உங்களுக்கு எரிச்சல் வந்தது. கொடுத்து முடிந்த வேலையை இந்த மனுசி ஏன் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று சலித்துக்கொண்டீர்கள். பலருடைய உறை மறுபடியும் ஃபிரிட்ஜுக்கு மேலேயே போனது. தவமலருக்கும் வேட்பாளருக்கும் ஏதோ மனத்தாங்கல், அதுதான் வோட்டைத் தடுக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. நான் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வேட்பாளர் தோற்றார். பத்தொன்பது வாக்கு எந்த மூலைக்கு? பெரிய வித்தியாசத்தில் தோற்றார். ஆனாலும் தோற்ற கட்சிக்கு ஒரு காரணம் தேவைப்படும். ஒரு புதன்கிழமை மாலை ரானுயியில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட், தேநீர். தமிழ் வீடுகளிலிருந்து ஏன் ஒன்றும் வரவில்லை என்று கிரெக் கேட்டார். தவமலர் வீடு வீடாகப் போய் உறைகளைத் திருப்பிக் கொடுத்தாராமே என்று ஓர் உறுப்பினர் எடுத்துவிட்டார். உண்மையா என்று கிரெக் அவரிடமே கேட்டார்.

"ஆமாம், திருப்பிக் கொடுத்தேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்.

ஏன் என்று கிரெக் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கனமான பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் வரும் என்று நிற்பவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

கிரெக்கும் என் பக்கம் திரும்பினார். "சரவணன், நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் என்றால் நாக்கு கொஞ்சமாவது தடுக்கியிருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு சப்பைக்கட்டுதான். அக்கா மிச்சத் தேநீரைக் குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

யாரும் அவரை நீக்கவில்லை. கட்சியில் அப்படியெல்லாம் நடக்காது. தொலைபேசி வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். அவர் பதினாறு வருடம் நடந்த தெருக்களை வேறு இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அடுத்த தேர்தலில் எங்கள் பகுதியின் உள்ளூர் மன்றமான லோக்கல் போர்டுக்குத் தவமலர்தான் வேட்பாளர் என்று கிரெக் முன்பு எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சும் அடங்கியது. அந்த இடம் எனக்கு வந்தது. அதற்குள் எனக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. பயப்பட ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. "இப்பவாவது போய் உண்மையைச் சொல்லுங்க" என்றாள் மனைவி. தேர்தல் முடியட்டும் என்றேன்.

என் முகத்தைப் பலகையில் போட்டு வேலிகளில் அறைந்தார்கள். வாக்குச் சீட்டுகள் வீடுகளுக்கு வந்த வாரம், ஏறக்குறைய மூன்று வருடங்களுக்குப் பிறகு, அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"தம்பி, புத்தகத்தில உங்கட பக்கம் பாத்தனான். சமூகத்தின்ர நம்பிக்கையைப் பெற்றவர் எண்டு போட்டிருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஐஞ்சு வீட்டில வாசிச்சுச் சொன்னனான். மற்ற ஆக்கள் மாதிரித்தான், உங்கட பக்கத்திலயும் ஒரு சொல்லும் விடேல்ல."

கட்சி கைவிட்ட பிறகும் அவர் போய்க்கொண்டிருந்திருக்கிறார். யாருக்காகவும் இல்லாமல், உறையை இறக்க வைத்து, எல்லாப் பக்கத்தையும் வாசித்துக்கொண்டு. "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"எனக்கேன் சொல்லுறீங்கள்? எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ. வைக்கிறன்."

அந்தத் தேர்தலில் நான் வென்றேன். நீங்கள் எனக்கு மாலை போட்டீர்கள், பாராட்டு விழா எடுத்தீர்கள். அக்கா வரவில்லை. போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று குழுவில் செய்தி வந்தபோது, பழம் வாங்கிக்கொண்டு ரானுயி வரை போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அந்தத் தூரத்தை என்னால் நடக்க முடியவில்லை. பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

இதை மலருக்குக் கொடுக்கும் முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை அபிநயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் ஆங்கிலத்தில் சொன்னேன். முகம் இறுகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தேன். பிறகு, எனக்குத் தெரிய முதல் தடவையாக, தமிழில் கேட்டாள்: "அம்மா உங்களுக்கோ வோட் போட்டவ?"

தெரியாது என்றேன். "அவ சொல்லமாட்டா" என்றாள். அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். எழுதியதில் ஒரு வரியும் எடுக்க வேண்டாம், வாசிக்க வேண்டிய எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றாள். எனக்குத் தேநீர் தரவில்லை. தந்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

போனவர் நம்மிடம் விட்டுச்சென்றது இன்னது என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். அவருடைய நேர்மை என்னிடம் இருக்கிறது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அவருக்குச் சேர வேண்டியதாக என்னிடம் இருப்பது லோக்கல் போர்டில் ஒரு நாற்காலி மட்டும்தான். விலகல் கடிதத்தைக் காரணத்தோடு கொடுத்துவிட்டேன். கிரெக்குக்கும் எழுதிவிட்டேன். இதற்கு மேல் சட்டம் என்ன செய்யுமோ செய்யட்டும்.

பத்தொன்பது வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்ட அந்த மனுசி எந்தப் பிழையும் செய்யவில்லை. அவர் ஏன் கட்சியை விட்டுப் போனார் என்று இனி யாராவது கேட்டால், அவர் வாயால் வராத பெயரை நீங்கள் சொல்லுங்கள். சரவணன் என்று சொல்லுங்கள்.